உப்பளத்தில் நடப்பது என்ன? கால்வாய்க் கரையிலிருந்து காரைக்குடி அடுப்படி வரை

செட்டிநாட்டுக்குக் கடற்கரை கிடையாது. காரைக்குடியிலிருந்து தென்கிழக்கே போய்த் தொண்டியைத் தொட்டால்தான் அலை கண்ணில் படும். ஆனாலும் உப்பை விட்டுவிட்டு இந்த ஊர்களின் கதையைச் சொல்ல முடியாது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போவதற்கு வெகுகாலம் முன்பே நகரத்தார் உள்நாட்டு ஊர்களுக்கு உப்பு கொண்டுபோய் விற்றிருக்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பழனிப் பக்கம் உப்பு விற்கப் போன வணிகர், லாபத்தில் ஒரு பங்கை முருகனுக்கு மகமையாக ஒதுக்கினார் என்றும், தைப்பூசத்துக்குக் காவடியோடு நடந்துபோகும் வழக்கம் அதிலிருந்து வளர்ந்தது என்றும் நகரத்தார் மரபு சொல்கிறது. இன்று தை மாதத்தில் குன்றக்குடிச் சாலையில் காவடிகள் வரிசையாகப் போவதைப் பார்க்கும்போது, அந்த வழியில் முதலில் போனவை உப்பு மூட்டைகள் என்று நினைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

இப்போது நமக்கு உப்பு லாரியில் வருகிறது. வேதாரண்யம், வாலிநோக்கம், தூத்துக்குடி என்று மூன்று திசையிலிருந்தும் வருகிறது. திங்கள்கிழமைச் சந்தையிலும் கிடைக்கும், மளிகைக் கடையில் பொட்டலமாகவும் கிடைக்கும். ஆனால் அது எப்படி விளைகிறது என்று கேட்டால் பெரும்பாலானோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: கடல்நீரைத் தேக்கி வெயிலில் காயவைத்தால் உப்பு. பள்ளிப் பாடத்திலும் அவ்வளவுதான் இருக்கும். அது பாதிப் பதில். கடல்நீரை அப்படியே ஒரு சொட்டு விடாமல் காயவைத்தால் கிடைப்பது கசக்கும், ஈரம் கசியும், வயிற்றைக் கலக்கும். குழம்பில் போட ஆகாது. உப்பளத்தின் வேலையே வேண்டிய ஒன்றைத் தனியே பிரித்தெடுத்து, வேண்டாதவற்றை உரிய நேரத்தில் வெளியேற்றுவது. அதை வெயில், காற்று, மண் பாத்தி, ஒரு மடை ஆகியவற்றைக் கொண்டே செய்து முடிக்கிறார்கள்.

கடல்நீரில் என்ன இருக்கிறது?

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கும். ‘உப்புகள்’ என்று பன்மையில் சொல்வது வேண்டுமென்றேதான். அதில் நாம் சமைக்கும் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, சுமார் 27 கிராம். மீதியில் பெரும்பகுதி மெக்னீசிய உப்புகள். அவைதாம் கசப்புக்குக் காரணம். ஒரு கிராமுக்குச் சற்று மேல் ஜிப்சம் இருக்கும். சுவருக்கும் கூரைக்கும் அடிக்கும் பலகைகளில் இருக்கும் அதே ஜிப்சம்தான். கொஞ்சம் பொட்டாசிய உப்பும் துளி சுண்ணாம்புச் சத்தும் உண்டு.

நீர் குறையக் குறைய இவை எல்லாம் ஒரே சமயத்தில் படிவதில்லை. ஒவ்வொன்றுக்கும் கரையும் அளவு வேறு. கரைய முடியாத நிலை எதற்கு முதலில் வருகிறதோ அது முதலில் அடியில் இறங்கும். முதலில் சுண்ணாம்புச் சத்து, பிறகு ஜிப்சம், அதற்குப் பிறகு நம் உப்பு, கடைசியாக மெக்னீசியமும் பொட்டாசியமும். இந்த வரிசை மாறாது. உப்பளக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பியிருப்பது இந்த ஒழுங்கைத்தான்.

கால்வாய் எதற்கு?

வேதாரண்யம் பக்கம் போயிருப்பவர்கள் பார்த்திருப்பார்கள்: சாலையின் இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திகள், நடுவே தண்ணீர் ஓடும் வாய்க்கால், கரையில் வெள்ளைக் குவியல்கள். நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் வரை வரும் அந்தக் கால்வாய் 19-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. உப்பு ஏற்றிய படகுகள் அதில் போய்வந்தன. வடக்கே மரக்காணத்திலும் இதே காட்சிதான்; அங்கே இருப்பது பக்கிங்காம் கால்வாயின் தென்முனை. 1806-இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய அந்தக் கால்வாய், 1877–78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக நகருக்குள் நீட்டப்பட்டு, அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது. விறகும் நெல்லும் உப்பும் அதில் படகில் போயின.

படகுப் போக்குவரத்து நின்ற பிறகும் கால்வாய்க்கு வேலை இருக்கிறது. உப்பளம் கடலை ஒட்டியே இருக்க வேண்டும் என்பதில்லை. கடல்நீர் வந்து சேர்ந்தால் போதும். ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறும் நேரத்தில் கடல்நீர் கால்வாய் வழியாக உள்ளே ஏறும். மடையைத் திறந்தால் அது தானாகவே தேக்கத்துக்குள் பாயும். ஓதம் வடியும்முன் மடையை அடைத்துவிட்டால் பம்பும் வேண்டாம், டீசலும் வேண்டாம். மழைக்காலத்தில் பாத்திகளில் தேங்கும் நன்னீரை வெளியேற்றுவதும், கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரை வடிப்பதும் வாய்க்கால் வழியாகத்தான். வரத்தும் போக்கும் ஒழுங்காக இருந்தால்தான் அளம் பிழைக்கும். தூத்துக்குடியில் கடல்நீரோடு, நிலத்தடியில் இருக்கும் உவர்நீரையும் கிணறு வெட்டி மோட்டார் போட்டு இறைக்கிறார்கள். அது கடல்நீரைவிட உப்புக் கூடியது. ஆகவே விளைச்சல் விரைவில் வரும்.

இதையெல்லாம் செய்ய நமக்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படுவதில்லை என்பதே உப்புக்கு வரி போட்ட ஆங்கில அரசுக்குத் தலைவலியாக இருந்தது. கடலோரச் சேற்றில் வெயில் பட்டால் உப்பு தானாகவே பூக்கும். அதைக் குனிந்து அள்ளுவதும் குற்றம் என்று சட்டம் போட்டிருந்தார்கள். 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து நடந்த ராஜாஜியும் தொண்டர்களும் ஏப்ரல் 30-இல் வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளியில் அள்ளியது அந்த உப்பைத்தான். காரைக்குடியிலிருந்து ரயிலில் பட்டுக்கோட்டை வழியாகத் திருத்துறைப்பூண்டிக்குப் போனால், அங்கிருந்து பிரியும் கிளைப் பாதையின் கடைசி நிலையம் அகஸ்தியம்பள்ளி. உப்பளத்தை நேரில் பார்க்க விரும்பும் செட்டிநாட்டுக்காரருக்கு நான் சொல்லும் வழி இதுதான்.

பாத்தி பாத்தியாக நகரும் நீர்

உப்பளத்தில் நீர் ஓரிடத்தில் நிற்பதில்லை. மடை மடையாக நகர்ந்துகொண்டே இருக்கும்.

முதலில் பெரிய தேக்கம். இங்கே கடல்நீர் வந்து தங்கும், சேறு அடியில் இறங்கும், சுண்ணாம்புச் சத்து மெல்லப் படியும். நீரின் அடர்த்தியை ஒரு மானியை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். கண்ணாடிக் குழாயில் கோடு போட்ட சிறிய கருவி. போமே என்ற பிரெஞ்சு வேதியியலாளரின் பெயரால் அழைக்கப்படும் அளவு அதில் இருக்கும். அளத்தில் அதை ‘டிகிரி’ என்று சொன்னாலே போதும். கடல்நீர் சுமார் மூன்று, மூன்றரை டிகிரியில் உள்ளே வரும்.

அடுத்தவை சுண்டவைக்கும் பாத்திகள். ஆழம் குறைவு, பரப்பு அதிகம். வெயிலைப் போலவே காற்றுக்கும் இங்கே பெரிய பங்கு உண்டு. நீர்மேல் நிற்கும் ஈரக் காற்றைத் தள்ளிக்கொண்டு உலர்ந்த காற்று வந்துகொண்டே இருந்தால்தான் நீர் ஆவியாகும். ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு நீர் போகும்போதெல்லாம் டிகிரி ஏறும். பதின்மூன்றைத் தாண்டியதும் ஜிப்சம் படியத் தொடங்கும். அது இங்கேயே இறங்கிவிட வேண்டும். உப்பு விளையும் பாத்திக்கு வந்துவிடக்கூடாது.

இருபத்தைந்து டிகிரி வந்ததும் நீரை உப்பு விளையும் பாத்திக்குத் திறந்துவிடுவார்கள். இந்த இடத்தில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். 1,000 லிட்டர் கடல்நீர் உள்ளே வந்தது என்றால், இந்த நிலைக்கு வரும்போது மிஞ்சியிருப்பது சுமார் 100 லிட்டர்தான். பத்தில் ஒன்பது பங்கு நீர் ஒரு கல் உப்பைக்கூடக் கொடுக்காமல் வானத்துக்குப் போய்விட்டது. உப்பளத்தின் பெரும்பகுதி நிலம் வெறும் தண்ணீராகவே தெரிவது இதனால்தான். உப்பு வாரும் பாத்திகள் மொத்தப் பரப்பில் சிறு பகுதியே. புதிதாகப் பார்ப்பவர்கள் ‘இவ்வளவு இடத்தை வீணாக வைத்திருக்கிறார்களே’ என்பார்கள். அந்த இடமெல்லாம் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

இருபத்தைந்தில் உப்பு விழத் தொடங்கும். இருபத்தொன்பது, முப்பது டிகிரி வரும்போது, உள்ளே வந்த உப்பில் சுமார் முக்கால் பங்கு பாத்தியின் அடியில் படிந்திருக்கும். மிச்சமும் நீரில்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த நேரத்தில் மடையைத் திறந்து நீரை வடித்துவிட வேண்டும். கால் பங்கு உப்பை விட்டுக்கொடுக்கிறோமே என்று ஆசைப்பட்டு இன்னும் காயவிட்டால் மெக்னீசியமும் சேர்ந்து படியும். விளைந்த உப்பெல்லாம் கசந்துபோகும். நல்ல உப்புக்கும் மட்டமான உப்புக்கும் வித்தியாசம் இந்த ஒரு முடிவில் இருக்கிறது. எப்போது நிறுத்துவது என்று தெரிந்தவரே தேர்ந்த உப்பளக்காரர் என்று எனக்குத் தோன்றுகிறது.

சில பாத்திகளில் நீர் இளஞ்சிவப்பாகத் தெரியும். சாயக் கழிவு கலந்துவிட்டதோ என்று சிலர் பயப்படுகிறார்கள், அது இயற்கையானது. இவ்வளவு உப்பில் மீன் வாழாது, ஆனால் சில நுண்பாசிகளும் நுண்ணுயிர்களும் வாழும். அவற்றின் நிறமே அது. அந்த நிறம் வெயிலை அதிகம் உறிஞ்சுவதால் நீர் சூடேறி, உப்பு விளைவதற்கும் துணை செய்கிறது. உப்பு குறைவான பாத்திகளில் இந்தப் பாசியைத் தின்று ஒரு வகைச் சிறு இறால் வாழ்கிறது. வேதாரண்யத்துக்கு அருகே கோடியக்கரைக்குப் பூநாரைகள் வருவதற்கு இந்த உவர்நீர் உணவும் ஒரு காரணம்.

காலும் கண்ணும் கொடுக்கும் வேலை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தை மாசியில் வேலை தொடங்கும். முதலில் மழைநீரை வெளியேற்றிப் பாத்தியைக் காயவிட்டு, பிறகு வரிசையாக நின்று காலால் மிதித்து மண்ணை இறுக்குவார்கள். மண் இறுகாவிட்டால் மாதக்கணக்கில் சுண்டவைத்த நீர் கீழே ஊறிப் போய்விடும். வாரும்போது உப்போடு சேறும் வரும். காலின் கனத்தால் இறுக்கிய தரையின் மேல்தான் நம் வீட்டு உப்பு விளைகிறது.

விளைந்த உப்பை நீண்ட கைப்பிடி கொண்ட பலகையால் இழுத்து வரப்பருகே சேர்ப்பார்கள். நீர் வடிந்ததும் கூடையில் சுமந்து மேட்டில் குவிப்பார்கள். சித்திரை வெயிலில் அந்தப் பாத்திகளின் வெண்மையைச் சில நிமிடங்கள் பார்த்தாலே கண் கூசும். அங்கேயே ஆண்டுக்கணக்கில் வேலை செய்பவர்களின் பார்வை அதனால் கெடுகிறது. உவர்நீரில் ஊறிய பாதத்தில் வெடிப்பும் புண்ணும் ஆறுவதேயில்லை. இதனால் பல அளங்களில் விடியற்காலை இருட்டிலேயே வேலையைத் தொடங்கி, வெயில் ஏறும்முன் முடிக்கப் பார்க்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வேலையே இருக்காது. அந்த மாதங்களுக்காகத் தமிழக அரசு 5,000 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. கிலோ சில ரூபாய்க்கு உப்பு வாங்கும் நாம் இந்த உழைப்புக்கு உரிய விலையைக் கொடுக்கவில்லை என்பதே என் கருத்து.

கோடையில் ஒரு மழை பெய்தால் போதும், விளைந்து நின்ற உப்பு கரைந்து, டிகிரி இறங்கி, வேலை பின்னுக்குப் போய்விடும். நெல்லுக்காக வானத்தைப் பார்த்துக் கும்பிடுவது நம் ஊர் வழக்கம். கடற்கரையில் அதே வானத்தைப் பார்த்து மழை வேண்டாம் என்று வேண்டிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

குவித்த உப்பை உடனே விற்காமல் சில காலம் மேட்டில் விட்டுவைப்பதும் உண்டு. மழைக்காலம் வந்தால் ஓலை போட்டு மூடுவார்கள். குவியலில் ஒட்டியிருக்கும் கசப்பு நீர் மெல்ல வடிந்துபோகும். பழைய உப்பு நல்லது என்று ஆச்சிமார் சொல்வதற்குப் பின்னால் இந்த உண்மை இருக்கிறது.

வீட்டிலேயே பார்க்கலாம்

பிள்ளைகளுக்கு இதைக் காட்ட வேதாரண்யம் வரை போகத் தேவையில்லை. கால் லிட்டர் வெந்நீரில் கல் உப்பைக் கரையும் மட்டும் போட்டுக் கலக்கி, ஆறவிட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். இரண்டு எவர்சில்வர் தட்டுகளில் பாதிப் பாதி ஊற்றி வெயில் விழும் முற்றத்தில் வையுங்கள். சில மணி நேரத்தில் நீரின் மேல்பரப்பில் ஊசி முனை அளவுக்குச் சதுரச் சில்லுகள் மிதக்கத் தொடங்கும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றின் நடுவும் படிப்படியாகக் குழிந்திருக்கும். ஓரத்தில் முதலில் வளர்ந்து நடுவில் பின்தங்குவதால் வரும் வடிவம் அது. விரலால் தொட்டால் மூழ்கி அடியில் போய் உட்கார்ந்து அங்கேயே வளரும். வெயிலில் வைத்தால் பொடிக் கற்களாகவும், நிழலில் வைத்து நாள்கணக்கில் காயவிட்டால் கண்ணாடி போன்ற கனசதுரங்களாகவும் வரும்.

ஒரு தட்டில் கடைசி இரண்டு கரண்டி நீர் மிஞ்சும்போது அதைச் சாய்த்து ஊற்றிவிடுங்கள். இன்னொன்றை முழுக்கக் காயவிடுங்கள். இரண்டு உப்பையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு, மழை மூட்டமான நாளில் திறந்து வைத்துப் பாருங்கள். சுத்திகரிக்காத கல் உப்பாக இருந்தால், முழுக்கக் காய்ந்ததே முதலில் கசியும். தூய சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீர் விடும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். ஏறக்குறைய எல்லா நாளும் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டு உப்பு ஜாடி ஐப்பசி வருவதற்கு முன்பே கசிகிறது என்றால், அளத்தில் கசப்பு நீரைச் சரியாக வடிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

நம் வீடுகளில் உப்பை மரவையிலும் பீங்கான் ஜாடியிலும் வைத்தார்கள், பித்தளையிலோ இரும்பிலோ வைக்கவில்லை. ஈர உப்பு உலோகத்தை அரிக்கும் என்பது அனுபவத்தில் கண்டது. மரம் கொஞ்சம் ஈரத்தையும் வாங்கிக்கொள்ளும்.

அடுப்படியில் உப்பு செய்யும் வேலை

சுவையைத் தாண்டி, உப்பு அடுப்படியில் செய்யும் பெரிய வேலை தண்ணீரை வெளியே இழுப்பது. மாவடு போடும்போது தண்ணீரே ஊற்றுவதில்லை. வடுவில் விளக்கெண்ணெய் தடவி உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் இரண்டு மூன்று நாளில் ஜாடியில் நீர் நிற்கிறது, வடு சுருங்குகிறது. வெளியே உப்பு அடர்த்தி கூடுதலாக இருப்பதால் காயின் உள்ளிருக்கும் நீர் தோலைத் தாண்டி வெளியே வருகிறது. கெடுக்க வரும் கிருமிக்கும் அதே கதிதான். அதன் உடலில் இருக்கும் நீரும் வெளியேறி அது செயலற்றுப் போகிறது. ஊறுகாயில் உப்பைக் குறைத்தால் பூஞ்சை பிடிப்பது இதனால்தான்.

உப்புக்கண்டம் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. ஆட்டுக்கறியைச் சிறு துண்டாக்கி, உப்பு, மஞ்சள், மிளகாய், பூண்டு அரைத்துப் பிசறி வைத்தால் முதல் நாளே பாத்திரத்தில் நீர் விட்டிருக்கும். பிறகு நூலில் கோத்து வெயிலில் தொங்கவிடுவார்கள். உப்பு உள்ளிருந்து இழுக்கும் நீரை வெயில் வாங்கிக்கொண்டு போகிறது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் கறி நிற்காது: உப்பில்லாமல் காயவைத்தால் காய்வதற்குள் கெட்டுவிடும், காயவைக்காமல் உப்பு மட்டும் போட்டால் நெடுநாள் தாங்காது. நன்றாகக் காய்ந்த துண்டை ஒடித்தால் சத்தம் வர வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். மோர் மிளகாயிலும் இதே இரட்டை வேலைதான். பகலில் வெயில், இரவில் மறுபடி உப்பு மோர், மோர் வற்றும் வரை.

ஓர் எச்சரிக்கை. பழைய சமையல் குறிப்பில் ‘ஒரு கரண்டி உப்பு’ என்று இருந்தால் அது கல் உப்பு. கற்களுக்கிடையே காற்று இருப்பதால் கரண்டியில் எடை குறைவாக நிற்கும். அதே கரண்டியில் தூள் உப்பு எடுத்தால் கூடுதலாக விழும். ஊறுகாய் கரித்துப்போவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. அளவைவிட எடையை நம்புங்கள்.

ஒரு தேக்கரண்டி தூள் உப்பு சுமார் 6 கிராம். வளர்ந்தவர் ஒருவர் நாளைக்கு 5 கிராமுக்குள் நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஊறுகாய், வற்றல், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். நம் பந்தி இலையின் இடப்பக்க மூலையைப் பார்த்தால் இந்தக் கணக்கு எவ்வளவு கடினம் என்று புரியும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இலையில் தனியாக வைக்கும் உப்பைத் தவிர்ப்பதிலிருந்து தொடங்கலாம்.

அயோடினைப் பற்றி ஒன்று. கடல் உப்பில் அயோடின் இயல்பாகவே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கடல்நீரில் இருப்பது மிகச் சொற்பம். அதை நம்பிக் கழுத்துக் கழலையைத் தடுக்க முடியாது. தனியாகத் தெளித்துத்தான் சேர்க்கிறார்கள். சாப்பாட்டுக்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்பதற்கு இந்தியாவில் 2006 முதல் தடை இருக்கிறது. கல் உப்பிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கிறது. பொட்டலத்தில் பார்த்து வாங்குங்கள். வாலிநோக்கத்தில் உப்பளம் நடத்தும் தமிழ்நாடு உப்பு நிறுவனம் 1974-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம். அயோடினோடு இரும்புச் சத்தும் சேர்த்த உப்பை அது தருகிறது. நெடுநேரக் கொதியில் அயோடின் ஓரளவு போய்விடும் என்பதால், குழம்பு இறக்கப் போகும் நேரத்தில் போடுவதும், மூடிய பாத்திரத்தில் வைப்பதும் நல்லது.

அடுப்படியை விட்டு வெளியே

செம்பு, பித்தளைப் பாத்திரத்தைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பது எல்லா வீட்டிலும் உண்டு. புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கிறது, உப்பு அந்த வேலையை விரைவாக்குகிறது. தேய்த்ததும் நன்றாகக் கழுவித் துடைத்துவிட வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் மறுநாளே பச்சை பிடிக்கும்.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை நம் ஊர்ப் பெருமை. பருத்தி நூலுக்குச் சாயமிடும் பட்டறையில் உப்பு மூட்டை இருப்பதைப் பார்த்தால் வியக்க வேண்டாம். பருத்தி நீரில் நனையும்போது அதன் மேல் லேசான எதிர் மின்னூட்டம் வரும். பல சாயங்களுக்கும் அதே மின்னூட்டம் என்பதால் நூலும் சாயமும் ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலைக் குறைத்து, சாயத்தை நூலோடு சேர விடுகிறது.

ஆனால் உலகில் விளையும் உப்பில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கோ சாயத்துக்கோ போவதில்லை. வேதித் தொழிற்சாலைக்குப் போகிறது. இந்தக் கதையில் காரைக்குடிக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இங்கே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் அது திறக்கப்பட்டது. மின்வேதியியலின் மிகப் பெரிய தொழில்களில் ஒன்று, உப்பு நீரில் மின்சாரம் செலுத்துவது. 58.5 கிலோ உப்பும் 18 கிலோ நீரும் பிரிந்தால் 40 கிலோ காஸ்டிக் சோடா, 35.5 கிலோ குளோரின், 1 கிலோ ஹைட்ரஜன் கிடைக்கும். ஒரு கிராம்கூட வீணாவதில்லை. காஸ்டிக் சோடா எண்ணெயோடு சேர்ந்தால் சோப்பு. குளோரினைச் சுண்ணாம்பில் செலுத்தினால் பிளீச்சிங் பவுடர். ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் போடுகிறார்களே, அதன் மூலப்பொருள் பாத்தியில் விளைந்த உப்பே. இந்தத் தொழிலில் உப்பு நீருக்குள் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கிராஃபைட் மின்வாய்கள் விரைவில் தேய்ந்துவிடும். அவற்றுக்குப் பதிலாக நெடுநாள் உழைக்கும் டைட்டானிய மின்வாய்களை இந்தியாவில் உருவாக்கியதில் காரைக்குடி நிறுவனத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். குளோரின் நுரையீரலைச் சுடும் வாயு.

கடைசியாக, உப்பு வேண்டாத விருந்தாளியாக வரும் இடம் ஒன்று: வீட்டுச் சுவர். முகப்பிலும் வளவிலும் சுவரின் அடிப்பகுதி வெள்ளையாகப் பூத்துப் பூச்சு உதிர்வதைச் செட்டிநாட்டு வீடுகளில் நிறையப் பார்க்கலாம். நிலத்தின் ஈரம் செங்கல் வழியே மேலேறுகிறது. அதில் கரைந்துள்ள உப்புகள் சுவரின் மேற்பரப்புக்கு வந்ததும் நீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. உப்பளத்தில் நடக்கும் அதே வேலை, சுவருக்குள். பூச்சின் நுண்துளைக்குள் வளரும் கல் பூச்சையே பிளந்து தள்ளும். இதைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய், காய்ந்ததும் மறுபடி வரும். ஈரம் இல்லாத நாளில் உலர்ந்த தூரிகையால் தட்டி, உதிர்ந்ததைக் கூட்டி வெளியே கொட்டிவிட வேண்டும். மேலே சிமென்ட் பூசி மறைப்பது பெரும் தவறு. வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறி அங்கே பூக்கும். முதலில் மழைநீர் சுவரடியில் தேங்குகிறதா, வடிகால் உடைந்திருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்து, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டு, பிறகு ஈரத்தை வெளியே விடும் சுண்ணாம்புப் பூச்சையே மறுபடி பூசுங்கள்.